சிறுவர் ஞாயிறும் எங்கள் வீட்டு லத்தீனும்

என் மகளுக்கு எட்டு வயது முடிந்தபோது லத்தீன் பெயர்ச்சொற்களை ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேற்றுமை வாரியாக மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ரோமாபுரியை ஆண்ட அரசர்களை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்வாள். பாவம் என்றால் என்ன, மன்னிப்பு என்றால் என்ன என்று கேட்டால் வினாவிடை முறையில் பதில் வரும். ஆனால் வேங்கிக்கால் நிறுத்தத்தில் வந்து நிற்கும் பஸ் போளூரோடு நின்றுவிடுமா, வேலூர் வரை போகுமா என்று பலகையைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. என் கையை இழுத்து, "இது எந்த ஊரு பஸ்சும்மா?" என்பாள்.

நான் எம்.ஏ. தமிழ். பி.எட்.டும் முடித்திருக்கிறேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரியவந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எல்லாம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணால் வந்தது என்று சொல்ல ஆசைதான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு வந்திருந்தாள். அந்தத் தெருவில் எல்லோரும் மலையைத் தேடி வந்தவர்கள்; அவள் மட்டும் கணவன் கம்ப்யூட்டரில் செய்யும் வேலைக்கு ஏற்ற மலிவான வாடகையைத் தேடி வந்தவள். ஞாயிறுதோறும் நான்கு பிள்ளைகளோடு எங்கள் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வருவாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்தப் பிள்ளைகள் இரண்டு மணி நேர ஆராதனையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா வார்த்தையும் புரிந்த என் பிள்ளைகள் இரண்டும் அதற்குள் இரண்டு முறை பெஞ்சுக்கு அடியில் போய்விட்டு வந்திருக்கும்.

எப்படி இப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் தகவலைத் தருகிறது, நாங்கள் ஆன்மாவை உருவாக்குகிறோம் என்றாள். பழங்காலத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள் படித்த முறையிலேயே வீட்டில் படிக்க வைக்கிறார்களாம். முதலில் இலக்கணப் பருவம், பிறகு தர்க்கப் பருவம், கடைசியில் சொல்வன்மைப் பருவம். இலக்கணப் பருவத்தில் பிள்ளைகள் கிளிகள். எதை வேண்டுமானாலும் மனப்பாடமாகப் போட்டு நிரப்பலாம், பிற்காலத்தில் அது தானே முளைக்கும். அந்த வாரம்தான் என் மகளின் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறியிருந்தேன். அதில் இருந்ததெல்லாம் தகவல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சித்திரை வெயில் தொடங்கியதும் அவர்கள் வேறு ஏதோ மலைக்குப் போய்விட்டார்கள். போகும்போது இரண்டு பெட்டி புத்தகங்களையும் ஒரு ரொட்டி சுடும் மெஷினையும் எனக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஒரு வாட்ஸ்ஆப் குழுவிலும் சேர்த்துவிட்டுப் போனாள். மெஷினை என் கணவர் விற்றுவிட்டார். புத்தகங்களை விற்க நான் விடவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகவில்லை, இளையவன் எல்.கே.ஜி.யோடு நின்றான்.

விடியற்காலையில் எழுந்து போனில் வீடியோ பார்த்து லத்தீன் பாடம் ஒன்றை நான் கற்றுக்கொள்வேன். பத்து மணிக்கு அதை மகளுக்குச் சொல்லித் தருவேன். ஆசிரியைக்கும் மாணவிக்கும் இடையே இருந்த தூரம் சரியாக ஒரு பாடம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தபோது அவள் என்னைப் பிடித்துவிட்டாள். வாட்ஸ்ஆப் குழுவிலோ எந்தத் தாய்க்கும் காய்ச்சல் வந்ததாகத் தெரியவில்லை. காலை ஆறு மணிக்கெல்லாம் மரத்தடியில் பிள்ளைகள் புத்தகம் படிக்கும் படங்கள் வந்துவிடும். யாரோ ஒருத்தியின் ஐந்து வயது மகன் பொறுமை என்ற தலைப்பில் தங்கைக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பான். என் ஐந்து வயது மகன் அந்நேரம் ரோமாபுரி அரசர்களின் அட்டவணை மேல் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருப்பான்.

நாங்கள் சத்தமாக ஒப்பிப்பது மதில் தாண்டிக் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டார்.

"இன்னா மந்திரம்மா அது? பாப்பா கொரலு கணீர்னு கீது."

"மந்திரம் இல்லீங்கக்கா. லத்தீன் இலக்கணம்."

"எதுவா இருந்தா இன்னா, காலைல சொன்னா நல்லதுதான். எம் பொண்ணுக்கும் எழுதிக் குடேன். பரீட்சை வருது."

என் கணவர் கலெக்டர் ஆபீஸில் உதவியாளர். எதையும் மெதுவாகத்தான் கேட்பார். நாங்கள் படிக்கும் கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிய அன்று நின்று முழுவதும் படித்தார். கால் மணிக்கு ஒரு கட்டம் வீதம் காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை வண்ண வண்ணமாகப் போட்டிருந்தேன்.

"லத்தீன் எதுக்கும்மா?"

"பழைய செம்மொழி ஒண்ணு கட்டாயம் படிக்கணுங்க. அப்பதான் அறிவு ஒழுங்குக்கு வரும்."

"நாம பேசறதே அதானே? நீ அதுலதானே எம்.ஏ. பண்ண?"

"அது அட்டவணைல இல்லைங்க."

அவர் அரசு ஊழியர். அட்டவணையில் இல்லை என்றால் இல்லைதான் என்பது அவருக்குப் புரியும். அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. சோறு கேட்பதற்கும் சண்டை போடுவதற்கும் வீட்டில் புழங்குகிற மொழி, தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். பேச்சு தானாகத்தான் வந்தது. எழுத்து வரவில்லை. இரண்டாம் வகுப்பில் அரைகுறையாகக் கற்றிருந்த எழுத்தும் அந்த ஒரு வருடத்தில் கழன்று போய்க்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன், அடுத்த வாரம் ஒரு கட்டம் ஒதுக்கலாம் என்று வாராவாரம் நினைத்தேன்.

அந்த நிலையில்தான் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். சின்னப் பெண். கையில் போன், தோளில் பை, முகமெல்லாம் வியர்வை. பதினொரு மணிக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தெருத்தெருவாக அலைந்ததற்கு அதுதான் முதல் பலன் போலும்.

"பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தாங்க இருக்கா. வீட்லயே படிக்கறாங்க."

"டியூஷனா?"

"இல்லைங்க. ஸ்கூலுக்குப் பதிலா. நானே சொல்லித் தர்றேன்."

அவர் போனைக் கீழும் மேலுமாகத் தள்ளிப் பார்த்தார். "காரணம் போடணுங்க. வறுமை, வேலைக்குப் போறது, ஊர் மாறிப் போறது, படிப்புல விருப்பம் இல்லாதது. இதுல எதைப் போடட்டும்?"

தனக்குப் படிப்பில் விருப்பம் உண்டு என்று காட்ட என் மகள் உடனே முதல் வகைப் பெயர்ச்சொல்லை ஆரம்பித்தாள். டீச்சர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'மற்றவை' என்பதை அழுத்தினார். "சார் எங்க வேலை செய்றாங்க?" என்றார். கலெக்டர் ஆபீஸ் என்றேன். அப்புறம் அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அன்று மாலையே அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை. காலையில் வந்த டீச்சர் ஒரு காலத்தில் அவரிடம் வேலை பார்த்தவராம்.

"செங்கல் சூளைலருந்து ஏழு பிள்ளைங்கள நானே போய்க் கூட்டினு வந்து சேத்திருக்கேன். ஒவ்வொரு அம்மா காலுலயும் விழாத கொறை. எந்தம்பி வீட்ல ரெண்டு இருக்குதுன்னு எனக்கே லிஸ்ட் வருது. வெளியில தலை காட்ட முடியுமாம்மா?"

சனிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். பையை வைத்ததும் மகளைக் கூப்பிட்டு, மேசை மேல் கிடந்த செய்தித்தாளை விரித்து, பெரிய எழுத்துத் தலைப்பு ஒன்றைக் காட்டினார். "இதைப் படிம்மா, பாப்போம்."

மகள் முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நல்ல பிள்ளையாக, "அத்தை, இதுக்குப் பதிலா லத்தீன் சொல்லட்டுமா?" என்றாள்.

அண்ணி அவளைத் திட்டவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எம்.ஏ. தமிழ்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்ல எந்தப் பருவத்திலும் எனக்குப் பயிற்சி இல்லை.

அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். அதைப் பார்த்து அண்ணியும் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு பண்ணு. ஆறு வாரத்துல சிறுவர் ஞாயிறு வருது. அன்னிக்குக் கோயில்ல பிள்ளைங்கதான் வேதபாடம் வாசிப்பாங்க. இவ வாசிக்கட்டும். நல்லா வாசிச்சுட்டான்னா நான் வாயே தொறக்க மாட்டேன். நீ லத்தீன் சொல்லிக் குடு, வானத்துல பறக்கச் சொல்லிக் குடு, உன் இஷ்டம். வாசிக்கலன்னா ஜூன்ல ரெண்டும் ஸ்கூலுக்குப் போவணும். இன்னாடா தம்பி?"

"சரிக்கா" என்றார் என் கணவர். ஆபீஸில் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட அவருக்கு நாலு நாளாகும். இதற்கு நாலு வினாடி.

ஆறு வாரம் என்பது ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தரப் போதுமான காலம். பயிற்சிக் கல்லூரியில் அதைத்தான் எனக்குக் கற்றுத் தந்தார்கள். எங்கள் சபையில் எந்த ஞாயிறுக்கு எந்தப் பகுதி வாசிக்க வேண்டும் என்று அச்சிட்ட பஞ்சாங்கம் ஒன்று வருடா வருடம் வரும். மேசை இழுப்பறையில் இருந்து அதை எடுத்து, சிறுவர் ஞாயிறுக்கான பாடத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு வாரம் ஒழுங்காக எழுத்துக் கூட்டினோம். ஒரு வசனத்துக்கு அரை மணி நேரம். அவள் கொட்டாவி விட்டாள். நான் மீதி நாட்களை எண்ணினேன். மூன்றாவது வாரம் ஒருநாள், எப்படி ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக முழுப் பகுதியையும் நானே வாசித்தேன். மறுநாள் இன்னொரு முறை. அதற்கு மறுநாள் அவள் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தபடி பன்னிரண்டு வசனங்களையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இலக்கணப் பருவத்துக் கிளி, முறை வேலை செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீதி இருந்த மூன்று வாரமும் நான் பயிற்சி கொடுத்தது அவளுடைய விரலுக்கு. எந்தச் சொல்லில் விரல் வரியின் முனைக்கு வர வேண்டும், எந்தச் சொல்லில் அடுத்த வரிக்கு இறங்க வேண்டும், எங்கே பக்கம் திருப்ப வேண்டும். ஒருமுறை பக்கத்தைச் சீக்கிரம் திருப்பிவிட்டாள் என்று அதட்டக்கூடச் செய்தேன். கோயில் மேசையில் இருக்கும் வேதாகமமும் எங்கள் வீட்டில் இருப்பதும் ஒரே அளவு அச்சுதானா என்று ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். படித்தவள் ஏமாற்றினால் இப்படித்தான், எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் ஏமாற்றுவாள்.

ஒன்றைத் தவிர.

சிறுவர் ஞாயிறன்று மகள் பட்டுப் பாவாடையில், வாசிப்பு மேசைக்குப் பின்னால் போட்ட முக்காலி மேல் ஏறி நின்றாள். மைக்கை அவள் வாய் உயரத்துக்கு இறக்கினார்கள். சபையை நடத்தும் ஆயர் பழைய ஏற்பாட்டுப் பாடத்தின் அதிகாரத்தையும் வசனத்தையும் அறிவித்தார். எங்கள் சபையில் யாரும் சும்மா கேட்டுக்கொண்டு இருக்க மாட்டார்கள். பாடம் வாசிக்கும்போது ஆளாளுக்குத் தங்கள் வேதாகமத்தைத் திறந்து கூடவே பார்ப்பார்கள். பக்கங்கள் சரசரவென்று புரண்டன. நானும் திறந்தேன். ஆயர் சொன்ன அதிகாரம் நாங்கள் படித்த அதிகாரம் இல்லை.

எங்கள் மேசை இழுப்பறையில் இரண்டு பஞ்சாங்கங்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே நீல அட்டை. நான் எடுத்தது போன வருடத்தையது.

எழுந்து ஓடலாமா, இருமலாமா, மயங்கி விழலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். கணீரென்ற குரல். ஆயர் விரித்து வைத்திருந்த பக்கத்தின் மேல் அவள் விரல் இடமிருந்து வலமாக அழகாகப் போய்க்கொண்டிருந்தது. வாயிலிருந்து வந்ததோ வேறொரு புத்தகத்தின் வேறொரு அதிகாரம்.

அதன் பிறகு நடந்ததை என்னால் மறக்க முடியாது. ஒருவர்கூட அவளைச் சந்தேகிக்கவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரு அம்மா தன் மருமகளின் வேதாகமத்தை எட்டிப் பார்த்து, அதிலும் இல்லாததைக் கண்டு, அவளைத் தொடையில் கிள்ளினார். பெஞ்சு பெஞ்சாகப் பக்கங்களைப் புரட்டினார்கள். தாங்கள்தான் தவறான இடத்தைத் திறந்துவிட்டோம் என்று ஆளுக்கு ஆள் வெட்கப்பட்டு, கடைசியில் எல்லோரும் சரியான இடம் கிடைத்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார்கள். அவ்வளவு தெளிவாக வாசிக்கிற ஒரு பிள்ளை எப்படித் தவறாக இருக்க முடியும்? ஆயர் மட்டும் பாதி எழுந்தார். அவள் மிகச் சரியான சொல்லில் பக்கத்தைத் திருப்பினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பாடம் முடிந்தது. சபை முழுவதும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னது. ஆயர் நல்ல மனிதர். பிரசங்கத்தைத் தொடங்குமுன், "குழந்தை அருமையாக வாசித்த பகுதியை இன்னொரு முறை வாசிப்போம்" என்று சொல்லி, யாருமே வாசிக்காத அந்தப் பகுதியை வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து வாழ்த்தினார்கள். "எங்க வீட்டுது கான்வென்ட்ல படிக்குது, ஒரு வரி வரல. நீங்க வீட்லயே சொல்லித் தர்றீங்களாமே?" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பையனுக்கும் அட்டவணை வேண்டுமாம். அனுப்புகிறேன் என்றேன்.

அண்ணி வாசலில் நின்றிருந்தார். கையில் வேதாகமம், ஆயர் அறிவித்த இடத்தில் விரலைச் செருகி மூடியபடி. என் மகள் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, பக்கம் கரெக்டா திருப்பினேனா?"

"கரெக்டா திருப்பினம்மா" என்றார் அண்ணி. அவள் தலையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேச என்னிடம் ஏதாவது இருந்திருக்கும்.

"நீ ஜெயிச்சுட்ட. சொன்னா சொன்னதுதான். வீட்லயே வெச்சுக்கோ."

என் கணவர் பைக்கை எடுத்துவரப் போனவர், அதை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் பிரியாணி. அண்ணியும் வந்திருந்தார், யாரும் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. இளையவன் மட்டும் முக்காலி மேல் தான் எப்போது ஏறுவது என்று கேட்டான். சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து சொன்னேன். "ஜூன்ல சேத்துடலாம் அண்ணி. ரெண்டு பேரையும்."

"நான்தான் வெச்சுக்கோன்னு சொல்லிட்டேனே?"

"அவளுக்கு வாசிக்க வராது அண்ணி."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்ன உடனே வாபஸ் வாங்க ஆசையாக இருந்தது. பள்ளியில் மட்டும் மனப்பாடம் செய்ய வைக்க மாட்டார்களா, அங்கே நாற்பதில் ஒருத்தியாகிவிட மாட்டாளா, இவ்வளவு லத்தீனும் வீணா என்று வரிசையாக வந்தது. அண்ணி அதில் எதற்கும் பதில் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. "மே மாசம் பூரா இருக்கு" என்று மட்டும் சொன்னார். "அதுவரைக்கும் நீதானே டீச்சர்."

மகள் அப்பாவின் மடியில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்கூலுக்குப் போனா லத்தீன் கெடையாதாம்மா?"

"கெடையாது."

"தம்பிக்கும் கெடையாதா?"

"அவனுக்கும் கெடையாது."

"அது எப்படி? நான் மட்டும் அஞ்சு வகையும் படிச்சேன். அவனும் படிச்சே ஆவணும், அவனுக்கு நிறுத்தாதீங்க" என்று அழ ஆரம்பித்தாள். அந்த ஒரு வருடத்தில் லத்தீனுக்காக எங்கள் வீட்டில் சிந்தப்பட்ட ஒரே கண்ணீர் அது.

அழுகை அடங்கியதும் வேதாகமத்தை எடுத்து, ஆயர் அறிவித்த அதே இடத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். நான் வாசித்துக் காட்டவில்லை. அவள் முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள், என் முகத்தைப் பார்த்தாள். என் வாயில் அந்தச் சொல் முழுதாக வந்து நின்றது. எழுந்து போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முகத்தைப் பார்க்க முடியாததால் அவள் மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தாள். முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல்லைத் தப்பாகப் படித்தாள். தப்பு என்று தெரியாமல் மூன்றாவதற்குப் போனாள். அங்கே அர்த்தம் இடிக்கவே நின்று, தலையைச் சொறிந்து, திரும்பி வந்தாள்.

அண்ணி பக்கத்தில் அசைவது தெரிந்தது. அவருக்கும் சரியான சொல் நுனி நாக்கில் இருந்திருக்கும். வீட்டில் இரண்டு டீச்சர்கள், இருவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருவருக்குமே அது பழக்கமில்லாத வேலை.